நடவு ஆப்

மயிலாடுதுறையைச் சுற்றி நடவுக்கு ஆட்களை அனுப்பும் அம்சம், புக்கிங்குக்காக ஓர் ஆப் கேட்டிருந்தார். அதைச் செய்துதரும் ராஜ்குமார், அதில் ஓடப்போகும், பெண்கள் நாற்று நடும் அனிமேஷனைக் காட்டினான்.

"நாலு டூல் பாத்து இதை எடுத்தேங்க்கா. வீடியோ இல்லை, கோடுகளாலேயே வரையற வெக்டார் படம். ரொம்ப லேசு. வயல்ல சிக்னல் கம்மியா இருந்தாலும் டக்குனு ஓடும்."

"சரி தம்பி. நடவுல பின்னாடிதானே போவோம்? இவங்க முன்னாடி போய் நட்டதையே மிதிக்கிறாங்களே!"

"அதுவும் இதுல சுலபம்க்கா."

ஒரே தட்டில் அனிமேஷனைப் பின்னோக்கி ஓடவிட்டான். பெண்கள் பின்னால் நடந்தார்கள். நட்ட நாற்றெல்லாம் சேற்றைவிட்டுக் கிளம்பி அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது.

ராஜ்குமார் அவசரமாக அதை அழிக்கப் போனான். அம்சம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதை அழிச்சிடாதீங்க தம்பி. புக் பண்ணிட்டு கடைசி நேரத்துல கேன்சல் பண்றாங்கள்ல, அவங்களுக்கு இதைக் காட்டுங்க!"