ஊசி ஊர் சுத்துது

"மறுபடியும் ஊர் சுத்துது சார்!"

புரோகிராமர் பொண்ணு மேனேஜர் ரூமுக்குள்ள வெடிச்சா.

ஃபேன் பிளேடோட வளைவை மிஷின் ஊசி அங்கங்க தொட்டு அளக்கணும். எங்க ஆரம்பிச்சு எப்படி நெளிஞ்சு போனா நேரம் மிச்சமாகும்னு மண்டையை உடைச்சுக்கிட்டு அவதான் வழி போட்டுக் கொடுத்தா. ஊசியும் சமத்தா போச்சு. ஆனா வேலை முடிஞ்சதும் திரும்பாம, காலி மூலைக்குப் போயி, காத்துல நிதானமா ஒரு வட்டம் அடிச்சுது.

புரோகிராம்ல புதுசா முளைச்ச அந்த வட்டத்தைத் தினமும் அழிக்கிறா. தினமும் வருது.

"பிளேடு மாட்டுற அக்கா வேலைதான் சார். ஊசி வட்டம் அடிக்கிறப்போ பெட்டியைக் கவுத்துப் போட்டு சொகுசா உக்காந்திருக்காங்க. கேட்டா, 'எனக்கென்னம்மா தெரியும், மாட்டுறேன் கழட்டுறேன்'னு கதை. வேற ஆளைப் போடுங்க."

"பார்க்கறேன், போம்மா."

பாத்ரூம் போறவங்களுக்கே மணி பார்க்கிற மனுஷன். அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்'னு பேர் வச்சதே இவதான். அவரே இப்படி மழுப்பினா?

கையும் களவுமா பிடிச்சே தீரணும். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் மிஷின் ரூம் பீரோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா.

கதவு திறந்துச்சு.

வந்தது அக்கா இல்ல. மூக்கு நுனியில கண்ணாடி, ஒத்த விரல். மிஷின் கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டி வட்டம் போட்டுக்கிட்டிருந்தாரு ஸ்டாப்வாட்ச்.

"சார்! நீங்களா?"

ஆடிப்போனவரு அவசரமா கதவைச் சாத்தினாரு.

"கத்தாதம்மா. பிளேடு மாட்டுற அந்தப் பொண்ணு முழுகாம இருக்கு. முன்னாடி ரெண்டும் தங்கல. நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"ஒரு நாற்காலி கொடுக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. 'நிக்க முடியலேன்னா ஆளை மாத்து'ன்னாங்க மேல. மனுஷி உக்காந்தா ஏன்னு கேப்பாங்க. மிஷின் வேலை செஞ்சுக்கிட்டிருக்கறப்போ உக்காந்தா யாரு கேக்கப் போறா?"

அவ கம்ப்யூட்டர் முன்னாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

"தள்ளுங்க சார். வட்டமா இது? இத்தனூண்டு இருந்தா அவங்க உக்கார்றதுக்குள்ள எந்திரிக்கணும்."