கிழமை இல்லாத அட்டவணை

பதினான்காம் எண் அறையில் மகள் இல்லை.

பஸ் டெப்போ டைம் கீப்பர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். முன் பெஞ்சு, நடு பெஞ்சு, கடைசிப் பெஞ்சு. எல்லாம் யார் யாரோ வீட்டுப் பிள்ளைகள்.

நினைத்தது சரியாகப் போயிற்று என்று பல்லைக் கடித்தார்.

மகளின் முதலாமாண்டு வகுப்பு அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டியதே அவர்தான். முதல் நாள், இரண்டாம் நாள் என்று மொத்தம் ஆறு வரிசை. கல்லூரியும் வாரத்துக்கு ஆறு நாள். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் திங்கள், செவ்வாய் என்று அவரே பேனாவால் எழுதினார். அன்றைக்கு அவள் எந்த வண்டியில் ஏறி எத்தனை மணிக்கு வீடு வந்து சேர வேண்டும் என்பதையும் கையோடு குறித்துவைத்தார். ஊர் முழுக்க ஓடும் பஸ்களுக்கு நேரம் எழுதிக்கொடுக்கிறவருக்கு இதெல்லாம் ஜுஜுபி.

முதல் வாரம் இம்மி பிசகவில்லை.

இரண்டாம் வாரம் புதன்கிழமை ஒரு விடுமுறை வந்தது. அதோடு எல்லாம் தாறுமாறு. சாயங்காலம் வர வேண்டியவள் மத்தியானமே வந்து செருப்பைக் கழற்றினாள். மத்தியானம் வர வேண்டிய நாளில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளை அவர் பேசவிடவில்லை.

“யார்கிட்ட வந்து டைம் டேபிள் பேசற? இன்னொரு தடவை நேரம் மாறிச்சுன்னா காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்ல இரு.”

அதற்குப் பிறகு ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல் வந்தாள். பெண் திருந்திவிட்டாள் என்று அவர் மனைவிக்கு நிம்மதி.

அவருக்கு அதிலும் சந்தேகம். ரோட்டில் ஓடுகிற எந்த வண்டியும் தினமும் டாண் என்று வந்து நிற்காது. சிக்னல் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, மழை இருக்கிறது. அப்படியும் ஒருவன் சொன்ன நேரத்துக்கே வருகிறான் என்றால், வழியில் எங்கேயோ ஓரங்கட்டிப் பொழுதைப் போக்கிவிட்டு வருகிறான் என்று அர்த்தம். எத்தனை டிரைவர்களை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்!

அதனால்தான் இந்த வியாழக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டார்.

வராந்தாவில் போன ஒரு பெண்ணை நிறுத்தி, செல்போனில் இருந்த மகளின் படத்தைக் காட்டினார். அவள் அதே வகுப்பாம்.

“இங்க கிழமைக் கணக்கு கிடையாது அங்கிள். லீவு விட்டா அந்த நாள் வரிசை அப்படியே மறுநாளைக்குத் தள்ளிப் போயிடும். இன்னிக்கு வியாழன், ஆனா மூணாம் நாள் வகுப்புதான். எங்களுக்கு மத்தியானமே விட்டாச்சு. சில நாள் சாயங்காலம் வரைக்கும் இருக்கும், அன்னிக்கெல்லாம் உங்க பொண்ணுதான் பாதியிலயே எழுந்து ஓடிடுவா.”

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு வரிசை தள்ளியிருக்கிறது, அது தெரியாமல் குதித்திருக்கிறார். ஆனால் வெட்கப்படக்கூட நேரமில்லை. மத்தியானமே விட்டுவிட்டால், வியாழக்கிழமை வழக்கமாக வருகிற நாலேகால் வண்டி வரைக்கும் இவளுக்கு எங்கே வேலை? பாதி வகுப்பில் எழுந்து யாரைப் பார்க்க ஓடுகிறாள்?

வாசலுக்கு வந்ததும் கண்ணில் பட்டாள். எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஜெராக்ஸ் கடை போர்டுக்குப் பின்னால் ஒதுங்கினார். வரட்டும், யார் வருகிறான் என்று பார்த்துவிடலாம்.

ஏழாம் நம்பர் வண்டி வந்தது. வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிற வண்டி, அதுவும் காலி. கண்டக்டர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மகள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

ஹெல்மெட் போட்ட ஒருவன் அவள் முன்னால் பைக்கை நிறுத்தினான். டைம் கீப்பர் போர்டுக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்தார். அவன் ஏதோ கேட்டான், அவள் தெருக்கோடியைக் கை நீட்டிக் காட்டினாள், அவன் போய்விட்டான். வழி கேட்டிருக்கிறான்.

அடுத்த ஏழாம் நம்பரும் வந்து போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் பெஞ்சுக்கே வந்துவிட்டது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து மறுபடி பைக்குள் வைத்தாள். அடிக்கடி வாட்சைப் பார்த்தாள்.

யாரும் வரவில்லை.

நாலேகால் வண்டி வந்ததும் சட்டென்று எழுந்து, முதல் ஆளாக ஏறினாள்.

வியாழக்கிழமைக்கு நேராக அவர் பேனாவால் எழுதியிருந்த வண்டி அது.

பாதி வகுப்பில் எழுந்து ஓடிய நாட்களில் அவள் எந்த வண்டியைப் பிடிக்க ஓடினாள் என்பதும் இப்போது அவருக்குத் தெரிந்தது. எல்லாம் அவர் எழுதிக்கொடுத்த நேரம்தான்.

பஸ் வளைந்து அவர் பக்கமாக வந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த மகள் போர்டுக்குப் பின்னால் நின்ற அவரைப் பார்த்துவிட்டாள். நீங்கள் ஏன் இங்கே என்று அவள் முகம் கேட்கவில்லை. வெளிறிப் போயிற்று.

பிறகு அவசர அவசரமாக இடது கையை வெளியே நீட்டி, மணிக்கட்டைத் திருப்பி, வாட்சை அவருக்குக் காட்டினாள்.