ஊருணியில் செத்த நாய்

பெத்தனின் கம்பு இரண்டாவது தடவை இறங்கியபோது குழந்தைவேலுவின் முழங்கை முறிந்த சத்தம் கரை முழுவதும் கேட்டது. ஊரே சுற்றி நின்றது. போதும் என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

"ஊரு குடிக்கிற ஊருணிக்குள்ள செத்த நாயப் போட்டியாடா? சோத்தத் திங்கிறியா, வேற எதையும் திங்கிறியா?"

பெத்தன் ஊருணிக் காவல்காரன். செருப்புக் காலோடு ஒருவன் படி இறங்கினாலே கல்லெடுத்து எறிகிற ஆள். நாயைப் போட்டவனைச் சும்மா விடுவானா?

அடி வாங்கிய குழந்தைவேலு மைக்செட்காரன். தொண்ணூற்று நாலு சித்திரையில் வாந்திபேதி வந்து ஒரே வாரத்தில் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு போனதும், நர்ஸ் சகாயராணி அவனைத்தான் சைக்கிளில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி ஊரைச் சுற்ற விட்டாள்.

"ஊருணித் தண்ணியில கிருமி இருக்கு, குடிக்காதீக! லாரித் தண்ணியப் பிடிச்சுக் கொதிக்க வச்சுக் குடிங்க!"

நாலு நாள் தொண்டை கிழியக் கத்தினான். சொல்லி முடித்த மறுநொடி மைக்கைப் பட்டென்று அணைத்துவிடுவான். பேட்டரி தீர்ந்துவிடுமாம்! கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமன் வாழ்த்தி முடிப்பதற்குள் அணைத்த மகா கஞ்சன் அவன்.

யார் கேட்டார்கள்? "எங்கப்பன் காத்த தண்ணி. இதுல கிருமியாம்ல!" என்று முதலில் சிரித்தவனே பெத்தன்தான். இரண்டே நாளில் அவன் மகள் ராக்காயி கண் செருகிப் போனாள். காரைக்குடி ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தவளுக்கும் ஒரு தூக்குவாளி ஊருணித் தண்ணீரைத்தான் கொண்டுபோனான், பாவி மனுஷன்.

அன்று காலை குழந்தைவேலு தன் வீட்டு வாசலில் அறிவிப்பை முடித்த பிறகும் குழாய் ஓயவில்லை. அவன் பெண்டாட்டியிடம் குசுகுசுப்பது ஊருக்கே கேட்டது.

"தேவிகா, வெளிய மூச்சு விட்றாத. கொல்லையில செத்துக் கெடந்த நாய யாரு பொதைக்கிறது? சாக்குல கட்டி ஊருணியில போட்டுட்டேன்."

அவ்வளவுதான். பெண்கள் ஓங்கரித்தார்கள். தெருவெல்லாம் குடங்கள் கவிழ்ந்தன. ஆண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அவனைக் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

"எல்லாரு வீட்லயும் கொடத்துத் தண்ணியக் கொட்டிட்டீகளா?" ரத்தம் வழிந்த வாயோடு கேட்டான் குழந்தைவேலு.

"திமிரப் பாருடா இவனுக்கு!"

பெத்தன் எட்டி மிதித்ததில் விலா எலும்பு இரண்டு நொறுங்கின. மைக்செட்டைத் தூக்கிப் படிக்கல்லில் அடித்தார்கள். சகாயராணி குறுக்கே விழுந்திராவிட்டால் அன்றைக்கு நாலாவது பாடை கட்டியிருக்க வேண்டும்.

நாயைத் தேடி மூன்று நாள் வலை போட்டார்கள், ஆள் இறக்கி முங்கவிட்டார்கள். பாசிதான் வந்தது. அதுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த தண்ணி லாரியின் முன்னால் இப்போது குடுமிப்பிடிச் சண்டை.

நாலாம் நாள் பெத்தன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவனுக்கு இன்னும் வெறி அடங்கவில்லை. மகளைப் பார்க்குமுன் குழந்தைவேலுவின் கட்டிலுக்குத்தான் போனான். மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். வார்டே அதிரும்படி அலறினான் குழந்தைவேலு.

"எந்தப் பக்கம்டா போட்ட? சொல்லு!"

ஊர் நோயாளிகளைப் பார்க்க வந்திருந்த சகாயராணி ஓடிவந்து பெத்தனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுய்யா! மூணு நாளா நம்ம ஊர்லருந்து புதுசா ஒருத்தருக்கும் பேதி இல்ல. ஒம்மக இன்னைக்கு எந்திரிச்சு ஒக்காந்து கஞ்சி குடிச்சிருக்கா. போயி அவளப் பாரு."

பெத்தனின் பிடி தளர்ந்தது. மகள் பிழைத்துவிட்டாள்! கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் ஆத்திரம் விடவில்லை.

"கடைசியாக் கேக்குறேன். அந்த நாய் எங்கடா?"

வீங்கிய உதட்டோடு சிரித்தான் குழந்தைவேலு.

"மைக்க நான் அணைக்க மறக்கலண்ணே."