கோப்பைக்குள் ஓர் இடம்

கொலம்பியாவின் மலையூர் ஒன்றில், ஒரு குளிர்காலைப் பொழுது. மத்தால் கடைந்த சூடான சாக்லேட் கோப்பையில் பொங்கி நுரைத்தது. சாக்லேட்டில் சீஸ் போட்டுக் குடிக்கும் அந்த ஊர் வழக்கப்படி, அதில் குதிக்கத் துடித்துக்கொண்டு விளிம்பில் நின்றது ஒரு சீஸ் துண்டு.

"ஏய், நில்லு! கப்பலேறி வந்த மாட்டோட வாரிசு நீ. எங்க கோப்பையில உனக்கென்ன வேலை?" என்று உள்ளே கரைந்திருந்த வெல்லம் அதட்டியது.

சாக்லேட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வெல்லம், உன் பாட்டன் கரும்பும் கப்பல்ல வந்தவர்தானே? இந்த மண்ணுலயே கொக்கோவா முளைச்சவன் நான் சொல்றேன். ஆறிப்போறதுக்குள்ள குதிடா தம்பி!"

சீஸ் குதித்தது. அடேயப்பா, என்ன சுகம்! உடம்பெல்லாம் இளகி, நூல் நூலாக நீண்டு, சாக்லேட்டோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது ஒரு ரொட்டித் துண்டு தயங்கித் தயங்கி விளிம்பில் எட்டிப் பார்த்தது.

வெல்லம் வாயைத் திறப்பதற்குள் சீஸ் முந்திக்கொண்டு கத்தியது: "யாருடா அது? எங்க கோப்பையில உனக்கென்ன வேலை?"