பொண்ணு வீட்டு ஆள்

"பொண்ணோட அண்ணன் எங்கப்பா? பொரி போட ஆள் வேணும்" என்று புரோகிதர் குரல் கொடுத்தார்.

தீர்த்தராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு அக்னிகுண்டத்தின் பக்கம் வந்தான். கோட்டு இரவல், தோளில் நிற்காமல் சரிந்தது. மணப்பெண் ரமிலாவின் குவிந்த கைகளில் பொரியை அள்ளிப் போட்டான். சிவப்புப் புடவை முக்காட்டுக்குள்ளிருந்து அவள் நிமிரவே இல்லை.

"அண்ணே, பாதி கீழ கொட்டுது. நிதானமா இன்னொரு தடவை போடுங்க" என்றான் போட்டோகிராபர்.

பாக்மதி ஆற்றோரச் சிவன் கோயிலில் அன்றைக்கு நாலு கல்யாணம். இது ஒன்றுக்கு மட்டும் மேளமும் இல்லை, சாப்பாடும் இல்லை. இது விசா கல்யாணம். நர்சான ரமிலாவுக்கு ஆஸ்திரேலியாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, போக வசதி இல்லை. மாப்பிள்ளை நிஷ்சல் வீட்டில் வசதிக்குக் குறைவில்லை, பையன்தான் இங்கிலீஷ் பரீட்சையில் மூன்று தடவை கோட்டை விட்டவன். படிக்கப் போகிறவளின் புருஷன் என்று அவன் கூடவே ஒட்டிக்கொண்டால் மொத்தச் செலவும் மாப்பிள்ளை வீட்டார் தலையில். அங்கே இறங்கியதும் ஆளுக்கொரு திசை, பிறகு சத்தமில்லாமல் விவாகரத்து.

நிஷ்சலின் அம்மா தேவகி விவரமான மனுஷி. "ஊருக்குச் சொல்ற பொய் இது ஒண்ணு போதும். இதுக்குள்ள இன்னொரு பொய் இருந்து எம்பசில மாட்டினா, எம் பையனுக்கு ஜென்மத்துக்கும் விசா கிடையாது. அப்படி ஏதாச்சும் இருந்தா மணவறையில வச்சே நிறுத்திடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"சேச்சே, மலைக் கிராமத்துப் பொண்ணும்மா. ஒரே ஒரு அண்ணன், வேற நாதி கிடையாது" என்று ஏஜெண்ட் பூபேந்திரா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

தீர்த்தராஜிடம் அவன் தனியாக வேறு பாடம் எடுத்திருந்தான். "பொண்ணு வீட்டு ஆள் ஒருத்தர்கூட போட்டோல இல்லன்னா எம்பசில சந்தேகப்படுவாங்க, அதுக்குத்தான் நீங்க. ஆனா அவ பக்கத்துல நிக்காதீங்க. ரெண்டு ஆள் தள்ளியே நில்லுங்க, பேச்சையும் குறைச்சுக்குங்க."

அடுத்து மாப்பிள்ளை அவள் வகிட்டில் குங்குமம் வைத்தான். முதல் தடவை படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் வைக்கச் சொன்னார்கள். அந்த நேரம் முழுக்கத் தீர்த்தராஜ் காலிப் பொரித்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து மணவறையிலிருந்து யாரோ, "பாவம், பொண்ணு வீட்டுல ஒத்தை ஆளா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

பிறகு பாதபூஜை. முறைப்படி முதலிலேயே நடக்க வேண்டியது, போட்டோவுக்கு என்ன வரிசை? செம்புத் தாம்பாளத்தில் இருவரும் கால் வைக்க, தீர்த்தராஜ் மண்டியிட்டு முதலில் நிஷ்சலின் கால்களைக் கழுவினான்.

"மச்சான், தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு. சீக்கிரம்" என்றான் நிஷ்சல், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்புறம் ரமிலாவின் கால்கள். வார்டு வார்டாக நடந்து வெடித்த குதிகால்கள். கழுவிவிட்டு அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்ன யோசனை? விழுந்து கும்பிடுங்க" என்று அதட்டினார் புரோகிதர். "பொறந்த வீட்டுப் பொண்ணு தெய்வம் இல்லையா? நம்ம வழக்கத்துல அண்ணன்தான் தங்கச்சி கால்ல விழணும். அவ விழறதா இருந்தா இனிமே புருஷன் கால்ல விழட்டும். உங்க கால்ல அவ கை பட்டாலே உங்களுக்குப் பாவம். இதுகூடத் தெரியாம எந்த ஊர்ல வளந்தீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தீர்த்தராஜ் குனிந்து அவள் பாதங்களில் நெற்றியை வைத்தான். ரமிலாவின் கால்விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. அவன் எழுந்தபோது கண் சிவந்திருந்தது.

"பாசக்காரன்" என்றாள் தேவகி, கொஞ்சம் மனம் இளகி.

கடைசியாகப் பெண் புறப்படும் படம். வாசலில் கார் தயாராக நின்றது. இந்த ஒரு படம் முடிந்தால் ஃபைலை மூடிவிடலாம் என்று பூபேந்திரா மூச்சு விட்டுக்கொண்டான். ரமிலா மரம் மாதிரி நின்றாள்.

"இப்படி விறைச்சுட்டு நின்னா நாடகம்னு கண்டுபிடிச்சுடுவாங்க" என்று போட்டோகிராபர் அலுத்துக்கொண்டான். "கேமராவை மறந்துடுங்கக்கா. நெசமாவே தூர தேசம் போறீங்க, இனி எப்பப் பார்ப்பீங்களோ. அண்ணன்கிட்ட மனசாரச் சொல்லிட்டுக் கிளம்புங்க."

ரமிலா தீர்த்தராஜைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். சட்டென்று குனிந்து அவன் இரண்டு பாதங்களையும் தொட்டு, விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"அருமை" என்றான் போட்டோகிராபர்.

புரோகிதரின் கையிலிருந்த அறுகம்புல் மாலை அப்படியே நின்றது. பூபேந்திரா மெல்லத் தூண் பக்கம் நகர்ந்தான்.

காரில் ஒரு கால் வைத்திருந்த தேவகி கீழே இறங்கினாள். தீர்த்தராஜின் இரவல் கோட்டை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு, தம்பி?"