இரைப்பைச் சுவரின் படம்

கைதட்டல் வெடித்தது. மேடைத் திரையில் எலியின் இரைப்பைச் சுவர் ஒளிர்ந்தது. மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பின் பச்சை இழைகள், சுவருக்குள்ளிருக்கும் சிவப்பு நரம்பணுக்களைக் கூடைபோலப் பின்னிப் பிடித்திருந்தன. நான்காம் வரிசையில் இருந்த யாழரசி கைதட்டவில்லை. இரண்டு வருடம் எலி இரைப்பைகளை ஏடு ஏடாக உரித்து, சாயமேற்றி, அவள் எடுத்த படம் அது. "தேறாதும்மா. தூக்கிப் போட்டுட்டு வேற வேலையப் பாரு" என்று மூன்று மாதம் முன்பு சொன்ன அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்தான் மேடையில் நின்றார். திரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

"ஏய், இது நீ எடுத்த படம்தானடி?" பக்கத்திலிருந்த நஸ்ரின் கிசுகிசுத்தாள். "எழுந்து கேளு. இதுவும் போயிட்டா தீசிஸ்ல எதக் காட்டுவ?"

யாழரசியால் எழ முடியவில்லை.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர், படத்தின் ஓரத்தில் திசு மடிந்து கிடப்பதைக் காட்டிக் காரணம் கேட்டார். பேராசிரியரின் கண்கள் அரங்கைத் துழாவி அவளிடம் வந்து நின்றன. பெயரைச் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னார்.

"அதோ உக்காந்திருக்கே, எங்க யாழரசி, அந்தப் பொண்ணு பண்ணின தப்பு சார் அது."