ரசிக மாப்பிள்ளை

"செத்தவன் எப்படி திரும்பி வருவான்? எரிச்சதை நானே கண்ணால பாத்தேனே!"

சிதம்பரத்தில், மாமியார் வீட்டுக் கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்தபடி மணவாளன் போட்ட சத்தத்தில், அடுப்படியிலிருந்த திலகவதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, டிவில" என்றாள் மகள் ரேகா.

திரும்பி வந்தவன் 'நெடுவெளி' தொடரின் விண்கலக் கேப்டன் இளம்பரிதி. தீபாவளி ஸ்பெஷலாகச் சிரித்துக்கொண்டே வந்து நின்றான்.

மணவாளன் பன்னிரண்டு வருஷமாக அந்தத் தொடரை ஒரு வாரம் விடாமல் பார்க்கிறவர். போன பொங்கலுக்கு இதே கூடத்தில், கேப்டன் செத்த ஆத்திரத்தில் இலையை விட்டு எழுந்து, ரேகாவை இழுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறியவர். அப்புறம் ஆனித் திருமஞ்சனத்துக்குக்கூட அவளை அனுப்பவில்லை. மாப்பிள்ளை முறுக்குக்கு இப்படியும் ஒரு காரணம் கிடைக்கும் என்று யார் கண்டது!

"மொத வருஷம் அந்தக் கலம் சனியைத் தாண்டினப்ப எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு மச்சான்" என்றார், பரிமாற வந்த ரேகாவின் தம்பி அரசுவிடம். "இப்ப என்னடான்னா, செவ்வாய்ல சீமந்தம் நடத்துறானுங்க. செத்தவன் எந்திரிச்சு வர்றான். மூளை இருக்கறவன் எழுதுவானா இதை?"

அரசு குழம்பு வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றான். சென்னையில் அவனுக்கு ஏதோ கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலை. என்ன வேலை என்று மாப்பிள்ளை இதுவரை கேட்டதில்லை.

"நல்ல நாளும் அதுவுமா சாப்புடுங்களேன்" என்று கெஞ்சினாள் ரேகா. இன்னொரு பொங்கலாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

"முடியாது! எழுதினவன் எவனோ, அவன் என் முன்னால வந்து பதில் சொல்லட்டும். அது வரைக்கும் இந்த வீட்ல பச்சத்தண்ணி தொடமாட்டேன். கெளம்பு, பஸ்ஸுக்குப் போலாம்."

மாப்பிள்ளை எழுந்தேவிட்டார். ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுக்கப் போனாள்.

அரசு வாளியைக் கீழே வைத்தான்.

"அக்கா அழக்கூடாதுன்னுதான் மாமா, நான் கேப்டனைப் பொழைக்க வச்சேன்."